சி.ஐ.டி. வீட்டுச் சம்பந்தம்

ராஜபாளையத்தில் மைதீன் பிச்சை வீட்டுக்கு வழி கேட்டால் முதலில் சிரிப்பு வரும். அதற்குப் பிறகுதான் வழி வரும்.

பள்ளிவாசல் தெருவில் அவர் பெயர் சி.ஐ.டி. மார்க்கெட்டில் மோப்பம். ஆட்டோ ஸ்டாண்டில் மப்டி. அவர் தலை தெரிந்தால் சீட்டுக்கட்டு டிரைவரின் தொடைக்கு அடியில் போய்விடும். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் குருசாமி மட்டும் மரியாதையாக 'ஒற்றரே' என்று கூப்பிடுவார். அது ராஜா காலத்துத் தொழில், கௌரவமானது என்பார். "ராஜா எங்க சார் இருக்காரு? சம்பளத்த யார்கிட்ட வாங்க?" என்று மைதீன் பிச்சை கேட்பார். நிச்சயம் முறிந்த வீட்டுக்காரர்கள் வைத்த பெயர் கல்யாணக்கலைச்சான். அதை முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். காதில் விழுகிற தூரத்தில் நின்று சொல்வார்கள். மனைவி ஜெய்னப், குழம்பு தீய்ந்த நாட்களில், "துப்புக்கெட்ட மனுசனுக்குத் துப்பறியுற தொழிலு" என்பாள்.

அவரே அச்சடித்து வைத்த அட்டையில் 'டிடெக்டிவ்' என்று இருந்தது. அதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

இத்தனையிலும் அவருக்கு ஆகவே ஆகாதது மோப்பம்தான். "ஏலே, நம்ம ஊர் நாய் மோப்பம் பிடிக்கிற ஜாதியே இல்ல. கண்ணால பாத்து ஓடித் துரத்துற ஜாதி. ராஜபாளையத்துல பொறந்துட்டு இதுகூடத் தெரியலையாலே?" என்று காய்கறிக்கடைப் பாண்டியிடம் ஒருமுறை சண்டைக்கே போனார். பாண்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். "அப்போ நாய்ங்கிறத ஒத்துக்கிடுதீங்க. ஜாதிதான் வேறங்கீங்க," என்றான். அன்றோடு பாண்டி கடையில் காய் வாங்குவதை நிறுத்திவிட்டார்.

முதலில் அவர் கேபிள் டி.வி. ஆள். மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஒயர் இழுத்தார். படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்றால் வீட்டுக்குள் கடைசி அறைவரைக்கும் போகவேண்டியிருக்கும். யார் யாரோடு பேசுவதில்லை, எந்த வீட்டு ரிமோட் சுவரில் மோதி உடைந்தது, எந்த வீட்டு மாப்பிள்ளை பட்டப்பகலில் கட்டிலில் கிடக்கிறான், எல்லாம் கண்ணில் பட்டது. பார்க்கவேண்டும் என்று அவர் போகவில்லை. பஞ்சாலை முதலாளி ஒருவர் மகளுக்கு வரன் பார்த்தபோது, "உனக்குத்தான் அந்தத் தெரு தெரியுமே" என்று கூப்பிட்டுக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னார். பெண் தப்பித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஊரில் கேபிளைக் கழற்றிக்கொண்டே வந்த வருடங்களில் இது மட்டும் கூடிக்கொண்டே வந்தது.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஓர் அறை பிடித்தார். போர்டில் 'துப்பறியும்' என்று எழுதக் கட்டடக்காரர் விடவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் பயந்துகொள்வார்களாம். 'தகவல் மையம்' என்று எழுதினார். தென்காசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வந்தார்கள். ஆதாரில் பெயர் திருத்த வந்தார்கள். 'விசாரணை' என்று மாற்றினார். ஒரு பெரியவர் படியேறி வந்து, ரயில் டிக்கெட் இங்கேதானா என்று கேட்டார். மேலே வர அவருக்கு மூச்சு வாங்கியிருந்தது, திட்டவும் முடியவில்லை. போர்டைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். இன்னும் அப்படியே இருக்கிறது.

தொழில் என்று பார்த்தால் கேட்பதுதான். ஒரு பையனைப் பற்றி அவன் தெருவில் கேட்கவேண்டும். ஆனால் கல்யாணத்துக்கு என்று கேட்டால் இந்தப் பக்கத்தில் எவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் பிள்ளைகுட்டிவரைக்கும் ஒட்டும் என்று பயம். குடித்துச் சாக்கடையில் கிடந்தவனைக் கைத்தாங்கலாகத் தூக்கிவந்தவனே, மறுநாள் பெண் வீட்டார் வந்து கேட்டால், "தங்கமான பையன்" என்பான். பிளவக்கல்லில் கேட்டாலும் தங்கம். வ. புதுப்பட்டியில் கேட்டாலும் தங்கம். கல்யாணத்துக்கு நிற்கிற அத்தனை பையன்களும் தங்கம். அந்தச் சொல்லைக் கேட்டாலே மைதீன் பிச்சைக்குப் பல் கூசும்.

அதனால் அவர் பையனைப் பற்றிக் கேட்கவே மாட்டார். அந்தத் தெருவில் வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று கேட்பார். குடிவருகிறவனிடம் ஊர் பொய் சொல்லாது. "அந்த வீடா? வேணாம்ங்க. பக்கத்துல ஒருத்தன் இருக்கான், பொழுதடைஞ்சா போதும்..." என்று தானாக வரும். கல்யாணத்துக்குச் சொன்னால் பாவம், வாடகைக்குச் சொன்னால் புண்ணியம். இந்த ஓர் இடைவெளியில்தான் அவர் பிழைப்பு ஓடியது.

முகமும் ஒத்துழைத்தது. எந்த ஊர் பஸ்ஸில் ஏறினாலும் அந்த ஊர்க்காரர் என்று நினைக்கவைக்கிற முகம். கண்டக்டர்கள் அவரிடம் டிக்கெட் கேட்க மறந்துபோவது உண்டு.

அவருக்கு ஒரே மகள், நாஜியா. பி.காம். முடித்துவிட்டு பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறாள். அவளுக்கு வந்த முதல் வரனை மைதீன் பிச்சையே விசாரித்து வேண்டாமென்றார். சரியாகத்தான் சொன்னார். இரண்டாவது வரன் நல்ல வரன். ஆனால் அந்தத் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டுப் போன மைதீன் பிச்சையை யாரோ செல்போனில் படம் எடுத்துவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றிக் கடைசியில் மாப்பிள்ளை வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. "உளவு பாக்கிற வீட்டுல எங்களுக்குப் பொண்ணு வேண்டாம்" என்று சொல்லியனுப்பினார்கள். அதற்குப் பிறகு நெடுநாள் யாரும் வரவில்லை. ஜெய்னப் அவரோடு பேசாமல் சோறு மட்டும் வைத்தாள்.

மூன்றாவது வரன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தது. பையன் முகமது ரியாஸ், தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். முறைப்படி முதலில் பெண்கள் மட்டும் வந்து நாஜியாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு வீட்டு ஆண்களும் ஒருவரையொருவர் இன்னும் பார்க்கவில்லை. அவர்கள் கொடுத்துவிட்டுப் போன ரியாஸின் போட்டோவை நாஜியா இரண்டாவது தடவையும் எடுத்துப் பார்த்தாள். அதை ஜெய்னப் பார்த்தாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது நாஜியா ஆரம்பித்தாள். "அத்தா, இந்த ஒரு வீட்ட மட்டும் நீங்க விசாரிக்கக் கூடாது."

"விசாரிக்காம எப்பிடிம்மா குடுக்க?"

"ஊர்ல எல்லா அத்தாமாரும் எப்பிடிக் குடுக்காங்களோ அப்பிடி."

"அவங்க அம்புட்டுப் பேரும் என்கிட்ட வந்து கேட்டுல்ல குடுக்காங்க!"

"உங்களுக்கு நான் நல்லா இருக்கணுமா, விசாரிக்கணுமா?"

இது என்ன கேள்வி என்று அவர் ஜெய்னப்பைப் பார்த்தார். ஜெய்னப் குழம்புக் கரண்டியை நீட்டினாள். "ஆணையிட்டுச் சொல்லுங்க. இந்தத் தடவையும் கெட்டுச்சு, நானே உங்க ஆபீஸுக்கு வந்து உங்க மேல ஒரு கேஸ் குடுப்பேன். உங்களையே விசாரிக்கச் சொல்லுவேன்."

அல்லாஹ் மீது ஆணையாக விசாரிக்க மாட்டேன் என்றார்.

அன்றிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் கடந்துபோனால் அவருக்குக் கால் குறுகுறுத்தது. மடவார் வளாகத்தில் முத்துப்பேச்சி என்று ஒரு பூக்காரி. அவளுக்குத் தெரியாத வீடு அந்த ஊரில் கிடையாது. ஒரே ஒரு போன். எடுப்பார், வைப்பார். ஊரார் மகள்களுக்காகத் தெருத் தெருவாக அலைந்தவன் சொந்த மகளைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுக்கவேண்டியிருக்கிறது. இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஜெராக்ஸ் கடைக்காரனிடம் மிஷின் சத்தம் அதிகம் என்று சண்டை போட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை. தெருமுனையில் சீனிச்சாமி டீக்கடை. மைதீன் பிச்சை மூலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் தனுஷ்கோடியின் தேய்ப்பு வண்டி. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் ஒருவர் பஸ் இறங்கி வந்தார். கையில் மஞ்சள் பை. டீ சொன்னார். பைக்குள்ளிருந்து பால்கோவா டப்பாவை எடுத்துத் திறந்து, யாரும் கேட்காமலேயே, சீனிச்சாமிக்கு ஒரு விள்ளல், தனுஷ்கோடிக்கு ஒரு விள்ளல் கொடுத்தார்.

மைதீன் பிச்சை பேப்பருக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அடுத்த ஊருக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு போகக்கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். உளவு பார்க்க வரும்போதும் டப்பாவோடு வருகிறார்.

"இங்க மைதீன் பிச்சைனு ஒருத்தரு இருக்காராமே?" என்றார் வந்தவர்.

எடுத்த எடுப்பில். பெயரோடு. மைதீன் பிச்சைக்கு டீ புரையேறியது.

சீனிச்சாமி மூலையைப் பார்த்தார். வந்தவரைப் பார்த்தார். பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டார். காலையிலேயே இப்படி ஒன்று கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"எந்த மைதீன் பிச்சை? சி.ஐ.டி.யா?"

"சி.ஐ.டி.யா?"

"இங்கதான் சி.ஐ.டி. மார்க்கெட்டுக்குப் போனீங்கன்னா மோப்பம்னு கேக்கணும்," என்றான் தனுஷ்கோடி. "இல்லன்னா தெரியாதும்பாங்க."

"மப்டினும் சொல்லலாம்," என்றார் சீனிச்சாமி.

"அப்போ போலீஸா அவரு?"

"போலீஸுன்னா போலீஸு இல்ல. போலீஸுக்கே தெரியாததெல்லாம் தெரியும். உங்க வீட்டுல நேத்து என்ன கொழம்புன்னு கேட்டா சொல்லிருவாரு."

வந்தவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "கொழம்பு வரைக்குமா?"

"கல்யாண விசயமா கேக்கீங்களோ?"

"ஆமா. நான் ஸ்ரீவில்லிபுத்தூரு, ஜபருல்லா. அவரு மகள எங்க அக்கா மகனுக்குப் பாத்திருக்கு. மாப்பிள்ளைக்கு நான் தாய்மாமன்."

கல்யாணம் என்ற சொல் உறுதியானதும் கடை மாறியது. சீனிச்சாமி தோள் துண்டை எடுத்து மேஜையைத் துடைத்தார். தனுஷ்கோடி தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"தங்கமான மனுசன்," என்றார் சீனிச்சாமி.

"தங்கம்ங்க," என்றான் தனுஷ்கோடி. "பொண்ணும் தங்கம்."

மைதீன் பிச்சைக்குப் பேப்பரைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது.

ஜபருல்லா சுற்றிலும் பார்த்தார். மூலையிலிருந்த முகம் அவருக்குப் பிடித்துவிட்டது. டப்பாவோடு வந்து எதிரே உட்கார்ந்தார். "அண்ணே, நீங்களாவது உள்ளதச் சொல்லுங்க. கல்யாணம்னதும் இவிய தங்கம்னுட்டாக. உங்களப் பாத்தா பொய் சொல்ற ஆளு மாதிரி தெரியல."

சீனிச்சாமி திரும்பிக்கொண்டு பால் ஆற்றினார். முதுகு குலுங்கியது.

"என்ன தெரியணும்?" என்றார் மைதீன் பிச்சை. இதுவே ஆணையை மீறியதாகுமா என்று ஒரு சந்தேகம் வந்தது. ஆகாது. நான் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்கிறார்கள்.

"அவரு பழசக் கிண்டுற ஆளா?"

"எந்தப் பழச?"

"பொதுவாக் கேக்கேன். ஒண்ணு தெரிஞ்சுருச்சுன்னா, மனசுலயே வச்சிருந்து பொறவு என்னைக்காவது சொல்லிக்காட்டுவாரா?"

"வேற?"

"வாய்ல நிக்குமா அவருக்கு? இல்ல, தெரிஞ்சத நாலு பேர்கிட்ட சொல்லிருவாரா?"

சொத்து எவ்வளவு என்று கேட்கவில்லை. நகை எத்தனை பவுன் போடுவார்கள் என்று கேட்கவில்லை. பெண் கோபக்காரியா, சமைப்பாளா, ஒன்றும் இல்லை. நாக்கு வலிக்கிற பல்லையே தேடிப்போகிற மாதிரி ஒரே இடத்தைத் தொட்டுத் தொட்டு வந்தார். மைதீன் பிச்சைக்கு இது தெரிந்த இடம். கேட்கிறவன் எதைக் கேட்கிறானோ அது அவன் வீட்டில் இருக்கிறது.

வேண்டாம், நிறுத்து என்று மனதுக்குள் சொன்னார். ஜபருல்லா நிறுத்தவில்லை. இன்னும் குனிந்து கேட்டார்.

"அந்த வீட்டம்மா எப்பிடி? நம்ம வீட்டுக்கு வந்துபோக இருக்கும்ல. வந்த எடத்துல, இவ ஏன் இன்னும் இங்க இருக்கான்னு மூஞ்சிக்கு நேரா கேக்கிற ரகமா?"

இவ. ஒரு பெண். வேறெங்கோ இருக்கவேண்டியவள், அங்கே இருக்கிறாள். மைதீன் பிச்சைக்கு முழுதும் விளங்கிவிட்டது. பேப்பரை மடித்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு போன் செய்யவில்லை, தெரு தாண்டவில்லை. ரகசியம் பால்கோவாவோடு பஸ் ஏறி வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறது.

"நான்தான் மைதீன் பிச்சை," என்றார்.

ஜபருல்லா எழுந்தார். எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். கடையில் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏங்க, இப்பிடியாங்க விசாரிக்கிறது?" மைதீன் பிச்சை மடித்த பேப்பரால் மேஜையில் தட்டினார். "பொண்ணு வீட்டுத் தெருவுல, பொண்ணோட அத்தா பேரச் சொல்லி, டீக்கடையில! கையில டப்பா வேற! வாடகைக்கு வீடு இருக்கானு கேக்கத் தெரியாதா உங்களுக்கு? நான் எம் மகளுக்கு ஆணையிட்டுக் குடுத்திருக்கேன், உங்க வீட்ட விசாரிக்க மாட்டேன்னு. போனத் தொடல. உங்க ஊர் பஸ்ஸ நிமிந்து பாக்கல. நீங்களா வந்து எல்லாத்தையும் எம் முன்னால கொட்டிட்டீங்க. இப்ப நான் என்ன செய்ய? தெரியாதுன்னு இருக்கவா?"

ஜபருல்லா டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி அழுத்தினார்.

"ரியாஸோட அக்கா, இர்ஃபானா. கட்டிக்குடுத்த எடத்துலருந்து திரும்பி வந்துட்டா. அடி. கை எலும்பு ஒடிஞ்சு வந்தா. அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தவங்கள்ல அவளும் ஒருத்தி. புருசன் வீட்டுலருந்து சும்மா ஊருக்கு வந்திருக்கானு எங்க அக்கா உங்க வீட்டுல சொல்லிட்டாங்க. பொய்தான். மறைக்கணும்னு இல்ல. திரும்பி வந்த பொண்ணு இருக்கிற வீடுன்னு சொன்னா யாரும் வரமாட்டேங்காங்க."

"விசாரிக்காமயா குடுத்தீங்க?"

"விசாரிச்சோம்ண்ணே. அவன் தெரு முழுக்கக் கேட்டோம். அம்புட்டுப் பேரும் தங்கம்னாங்க."

சீனிச்சாமி கழுவிய டம்ளரையே மறுபடி எடுத்துக் கழுவினார். தனுஷ்கோடி வண்டியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"வீட்டுல சொல்லுவீங்களா?" என்றார் ஜபருல்லா.

"தெரிஞ்சதச் சொல்லாம இருந்து எனக்குப் பழக்கமில்ல."

"சொன்னா முறிஞ்சிருமா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? அதையும் போய் விசாரிக்கவா?" என்று எரிந்து விழுந்தார். டீக்குக் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டில் ஜெய்னப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நாஜியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். இருவரையும் உட்காரவைத்து, முதலில் தன் பக்க நியாயத்தைச் சொன்னார். நான் போகவில்லை. நான் கேட்கவில்லை. டீக் குடித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லவே வெகு நேரம் ஆனது. பிறகு இர்ஃபானாவைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது மகள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவதும் போயிற்று, அதுவும் என் வாயாலேயே போயிற்று என்று நினைத்தார்.

"தெரியும்," என்றாள் நாஜியா.

"என்ன தெரியும்?"

"இர்ஃபானா மதினி அன்னைக்கே சொல்லிட்டாங்க. அடுப்படியில வச்சு. 'எங்க அம்மா ஊருக்கு வந்திருக்கானு சொல்லுதாங்க, அது பொய். நான் இனி அம்மா வீட்டுலதான் இருப்பேன். உனக்குச் சம்மதமா, யோசிச்சுக்கோ'ன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீட்டுல ஒரு சி.ஐ.டி. இருக்காரு, உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டேன்."

மைதீன் பிச்சை மகளைப் பார்த்தார். வீட்டுக்குள், தன் அடுப்படியில், பத்தடி தூரத்தில் நடந்திருக்கிறது.

"பொறவு ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீங்க அவங்க மாப்பிள்ளை எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டுட்டு அடுத்த பஸ்ல ஏறியிருப்பீங்க. அங்க யாராவது போட்டோ எடுத்திருப்பாங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு திறந்தார். "எந்த ஊரு?"

"அத்தா!"

ஜெய்னப் பூண்டுத் தோலை முறத்தில் ஒதுக்கினாள். "அன்னைக்கு டம்ளரெல்லாம் கழுவிக் கவுத்திட்டுப் போச்சே, வெளிர்பச்சைச் சேலை, அந்தப் புள்ளையா?"

"அந்தப் புள்ளதான்," என்றாள் நாஜியா.

ஜெய்னப் முறத்தைத் தள்ளி வைத்தாள். "அந்தக் கையாலயா கழுவினா?" என்றாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். உலையில் அரிசி போடும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். சம்மதமில்லை என்றால் அன்று சமையல் நடக்காது.

மைதீன் பிச்சையே போன் செய்து ஜபருல்லாவிடம் சம்மதம் சொன்னார். ஜபருல்லா ஊர் திரும்பும் பஸ்ஸில் இருந்தார். வீட்டில் கலந்துகொண்டு சொல்வதாகப் பஸ் இரைச்சலுக்குள் கத்தினார். வெள்ளிக்கிழமை அங்கிருந்து போன் வந்தது.

"எல்லாருக்கும் சந்தோசம்ண்ணே. நிச்சயத்துக்கு நாள் பாத்திருவோம். ஒரே ஒண்ணு. எங்க ஜமாத்துல பொண்ணோட அத்தா என்ன தொழில்னு கேக்காங்க. என்னன்னு எழுதச் சொல்ல?"

டிடெக்டிவ் என்று சொல்லத்தான் நினைத்தார். நாக்குவரைக்கும் வந்தது. கல்யாண வீட்டில் அந்தச் சொல் என்ன செய்யும் என்று யோசித்தார். ஒருவர் சி.ஐ.டி. என்பார். அடுத்தவர் போலீஸா என்பார். பந்தியில் யாரோ ஒருவன் மோப்பம் என்பான். சலித்துப்போயிற்று.

"சீனிச்சாமி கடையில அம்புட்டுப் பேரு சொன்னாங்கல்ல. அதுல உங்களுக்குப் பிடிச்சத எழுதச் சொல்லுங்க."

மறுமுனையில் ஜபருல்லா நிஜமாகவே யோசித்தார். "மோப்பம்னு எழுத முடியாதேண்ணே..."

ஜெய்னப் ஈரக்கையோடு வந்து போனைப் பிடுங்கினாள். "வியாபாரம்னு போடச் சொல்லுங்கண்ணே."

"என்ன வியாபாரம்னு கேப்பாங்களேம்மா?"

"கேட்டா விசாரிச்சுச் சொல்லுதோம்னு சொல்லுங்க," என்று போனை அவர் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

மைதீன் பிச்சை போனைக் காதில் வைத்தார். ஜபருல்லா இன்னும் அங்கே இருந்தார்.

"அண்ணே," என்றார் தணிந்த குரலில், "இர்ஃபானாவ அடிச்ச அந்தப் பய மறுபடி பொண்ணு பாக்கானாம்."

மைதீன் பிச்சை அடுப்படியைப் பார்த்தார். மகளின் அறையைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு இறங்கினார்.

"எந்தத் தெரு?" என்றார்.